காப்பது மரபணு அல்ல

‘அமேசான் காட்டு மக்கள் மாவுச்சத்தைத் தொடுவதே இல்லை, அவர்களின் மரபணுவும் தனி ரகம், அதனால்தான் சர்க்கரை நோய், மாரடைப்பு வருவதில்லை’ என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு காரணங்களுமே தவறு.

பொலிவியாவின் சிமானே மக்களைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2017இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 705 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். 85 விழுக்காட்டினரின் இதய ரத்தக்குழாய்களில், மாரடைப்பு அபாயத்தைக் காட்டும் சுண்ணாம்புப் படிவே இல்லை. அதுவரை சரி. ஆனால் அவர்கள் தட்டில் இருப்பது என்ன? அவித்த வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, சோறு, கூடவே ஆற்று மீனும் வேட்டை இறைச்சியும். கலோரியில் பாதிக்கும் மேல் மாவுச்சத்துதான்! அதை எரிப்பது நாள் முழுக்க நடையும் வேட்டையும் காட்டைத் திருத்தி விதைப்பதும். (சொர்க்கம் என்றும் எண்ண வேண்டாம், குடற்புழுவும் தொற்றுநோய்களும் அங்கே மிகுதி.)

மரபணுதான் காவல் என்றால், சான் போர்ஹா சந்தை நகரை ஒட்டிய சிமானே ஊர்களில் சர்க்கரையும் சமையல் எண்ணெயும் கூடுதலாகப் புழங்குவதைப் பற்றி ஆய்வாளர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? பிரேசிலின் ஷவாந்தே மக்களைப் பாருங்கள். அவர்கள் மழைக்காட்டினர் அல்லர், செராடோ புல்வெளிக்காரர்கள். நிலம் சுருங்கி, கடைச்சரக்கு உள்ளே வந்தபின், ஆய்வு செய்த ஊர்களில் பெரியவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு. நிலத்தை இழந்தவருக்குக் கைக்கெட்டுவது மலிவான சர்க்கரையும் வெள்ளை அரிசியும்தான். மருத்துவமனையோ எட்டாத தொலைவில். இதில் மரபணுவை எங்கே தேடுவது?