மாத்துத் தலை கிடைக்காத ஊருக்கு மிசின் பிரஷை ஏன் விக்கிறியள்?

பிள்ளையளுக்குப் பல்லுத் தீட்ட எலக்ட்ரிக் பிரஷ் நல்லதோ, சும்மா பிரஷ் நல்லதோ எண்டு கேக்கிற ஆக்கள் முதல்ல இதுக்கு மறுமொழி சொல்லுங்கோ: எலக்ட்ரிக் பிரஷின்ர தலையை, நார் இருக்கிற அந்த முனையை, எங்க வாங்கப்போறியள்? 3 மாசத்தில நார் தேஞ்சு விரிஞ்சிடும். மாத்துத் தலை கிளிநொச்சியில கேட்டாலும் குதிரைக்கொம்பு, புதுக்குடியிருப்பில கேட்டாலும் குதிரைக்கொம்பு. மல்லாவியில கேட்டால் கடைக்காரர் எங்கட முகத்தைப் பாக்கிறார். பிரஷைப் பெட்டி பெட்டியா அடுக்கத் தெரிஞ்சவைக்கு ரெண்டு பைக்கற் தலை இறக்கத் தெரியாதோ?

விரிஞ்ச நாரைக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ. நுனி வெளிப்பக்கமா வளைஞ்சு நிக்கும், அடியில பேஸ்ட் வெள்ளையா இறுகிக் கிடக்கும். பல்லும் முரசும் சேர்ற கரையிலதான் ஊத்தை படியிறது. வளைஞ்ச நுனி அந்தக் கரைக்குள்ள இறங்காமல் மேலால வழுக்கிக்கொண்டு போகும். மோட்டர் என்ன வேகத்தில சுத்தியும் என்ன, தொடாத இடம் துப்புரவாகாது.

எலக்ட்ரிக் கூடாதெண்டு சொல்லவரேல்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பாக்கிற கொக்ரேன் அமைப்பு 2014 இல விட்ட ஆய்வுத் தொகுப்பு, 3 மாசத்துக்கு மேல பாவிச்சால் கைப் பிரஷை விட ஊத்தைப் படிவு 21 வீதமும் முரசு அழற்சி 11 வீதமும் குறையுதெண்டு சொல்லுது. நல்ல விசயம்தான். ஆனா ஒரே தலையை ஒரு வருசம் தேய்க்கிற வீட்டில அந்த லாபம் எங்கயிருந்து வரும்?

பொம்மைப் படம் ஒட்டின மலிவுப் பற்றரிப் பிரஷ் இன்னும் மோசம். பற்றரி இறங்க இறங்க வேகம் குறையும், இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். பிள்ளை மிசின் தீட்டுதெண்டு நம்பி, கையை அசைக்காமல் ஒரு பக்கத்திலயே பிடிச்சுக்கொண்டு நிக்கும். மூடியின்ர றப்பர் வளையம் கழண்டால் தண்ணி இறங்கிப் பற்றரி முனை பச்சை பிடிக்கும். தலை கழராத மாடலெண்டால் முழுசாக் குப்பைக்குத்தான்.

கனடாவில இருந்து மாமா அனுப்பின பிரஷ் எண்டால் சார்ஜரின்ர அடியைத் திருப்பி வாசியுங்கோ. 100–240 வோல்ட் எண்டு இருந்தால் பயமில்லை. 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் எங்கட 230 வோல்டில குத்தவே கூடாது, எரிஞ்சுபோகும். கடையில வாங்கிற சின்ன அடாப்டர் பிளக்கின்ர காலைத்தான் மாத்தும், வோல்டைக் குறைக்காது. லண்டன் பிரஷுக்கு வேற கரைச்சல்: ரெண்டு கால் சேவிங் பிளக். சுவர் பிளக்கின்ர மேல் ஓட்டைக்குள்ள பேனையைக் குத்தித் திறந்து அதைச் செருகிறதை நிப்பாட்டுங்கோ. பிள்ளையும் பாத்துக்கொண்டுதான் நிக்குது.

இதுகளுக்கு வழியில்லையெண்டால் கைப் பிரஷே போதும். தலை சின்னனா, பிள்ளையின்ர ரெண்டு பல்லை மூடுற அளவில இருக்கவேணும். நார் மெதுவானதா இருக்கவேணும். மீடியம் எண்டு போட்ட பெரியாக்களின்ர பிரஷை "பிள்ளை வளர்ந்தாலும் பாவிக்கலாம்" எண்டு தள்ளிவிடுற கடைக்காரரிட்டை வாங்காதேங்கோ. நாரை முரசுக் கரையில சாய்ச்சு வைச்சு, சின்னச் சின்ன வட்டமா, காலமையும் படுக்கப்போகேக்கையும் 2 நிமிசம். எலக்ட்ரிக் எண்டால் தேய்க்கவே கூடாது, ஒவ்வொரு பல்லிலயும் ரெண்டு மூண்டு செக்கன் வைச்சுப் பிடிச்சு நகத்தவேணும். அமத்தினால் மலிவு மோட்டர் நிண்டுபோகும்.

எந்தப் பிரஷ் எண்டாலும் 7, 8 வயது வரைக்கும் பெரியாக்களின்ர கை வேணும். 6 வயதளவில கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால ஒரு கடைவாய்ப் பல்லு முளைக்கும். ஒரு பல்லும் விழாமல் முளைக்கிறபடியால் அதையும் பாற்பல்லெண்டு விட்டுடுறியள். அது சாகும்வரைக்கும் இருக்கவேண்டிய பல்லு! மேல்பக்கம் ஆழமான பள்ளம், பிஸ்கற் மா அப்பிடியே அடைஞ்சு கிடக்கும். பாதி முளைச்ச நேரம் மற்றப் பல்லை விடப் பதிவா நிக்கிறதால நேராத் தீட்டினால் பிரஷ் அதில படாது. கன்னத்தை விரலால விலத்தி, பக்கவாட்டால பிரஷை விடுங்கோ.

பேஸ்டையும் அள்ளி அப்பாதேங்கோ. 3 வயதுக்குக் கீழ அரிசியளவு, 3 இலிருந்து 6 வரைக்கும் பட்டாணிக் கடலையளவு. வவுனியாப் பக்கம் கன கிணத்துத் தண்ணியில ஏற்கனவே புளோரைட் கூட. அதுக்கு மேல புளோரைட் கலந்த பேஸ்டையும் விழுங்கினால் முளைக்கப்போற பல்லில வெள்ளையும் மண்ணிறமுமாத் திட்டு விழும். தீட்டின பிறகு துப்பினால் காணும்.

எல்லாத்தையும் விட வயிறெரியிறது வேற இடத்தில. கையை ஒழுங்கா அசைக்க ஏலாத பிள்ளையளுக்கும், பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளையளுக்கும் எலக்ட்ரிக் பிரஷ் உண்மையிலயே உதவும். அதிர்வுக்குப் பயப்பிடுற பிள்ளையெண்டால் முதல்ல நிப்பாட்டின பிரஷைக் கையில குடுத்து, பிறகு ஓடவிட்டு நாடியில வைச்சுப் பழக்கி, கடைசியா வாய்க்குள்ள கொண்டுபோகலாம். அப்பிடிப் பாடுபட்டுப் பழக்கின தாய், தேஞ்ச தலைக்கு மாத்துத் தலை தேடி ஏ9 ரோட்டு வழிய பஸ்ஸில அலையவேணுமோ? பிரஷ் விக்கிற கடை அதே மாடலின்ர தலையையும் பக்கத்தில தொங்கவிடவேணும். இல்லாட்டி அந்தப் பிரஷை விக்காதேங்கோ.