பின்தங்கியவர் ஜெயிக்கவே முடியாதா?

கருத்துக்கணிப்பில் பின்தங்கிய அமெரிக்க அதிபர் வேட்பாளர் கடைசி இரண்டு வாரத்தில் மீளவே முடியாது என்று கட்டுரையில் அடித்துச் சொல்கிறீர்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. 1948 அதிபர் தேர்தலை மறந்துவிட்டீர்களே! குடியரசுக் கட்சி வேட்பாளர் டூயி ஜெயிப்பது உறுதி என்று நம்பி, கணிப்பு நிறுவனங்கள் தேர்தலுக்குச் சில வாரம் முன்பே கருத்துக் கேட்பதை நிறுத்திவிட்டன. அப்போதைய அதிபர் ட்ரூமனோ ரயிலில் ஊர் ஊராகப் போய், கடைசிப் பெட்டியின் திறந்த மேடையில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். முடிவு: மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகளில் (அதிபர் யார் என்று தீர்மானிப்பவை இவைதான்) ட்ரூமன் 303, டூயி 189. டூயி ஜெயித்துவிட்டார் என்று முந்திக்கொண்டு அச்சடித்த சிகாகோ நாளிதழை, ரயிலில் நின்றபடி ட்ரூமன் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டும் படத்தைப் பாருங்கள். அந்தச் சிரிப்பு ஒன்றே போதும்.

சரி, அது பழைய கதை என்பீர்கள். 2016-ல் நாடு முழுவதும் ஹிலாரிக்குத்தான் 28 லட்சம் வாக்குகளுக்கு மேல் அதிகம். ஆனாலும் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 80 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் டிரம்ப் அதிபரானார். 2008-ல் ஒபாமாவிடம் தோற்ற மெக்கெய்னுக்கு நடந்ததுபோல ஒஹாயோ, புளோரிடா, வர்ஜீனியா எல்லாம் ஒன்றாகக் கைவிட்டுப் போனால் மீள்வது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், அடுத்த கட்டுரையில் மாநிலவாரிக் கணிப்பையும் போடுங்கள்.