மைக் கைக்குப் பிடி இல்லை

மேசை விளிம்பில் கவ்வி போட்டு மைக்கைத் தாங்கவைக்கும் மடக்குக் கை (பூம் ஆர்ம்) ஒன்று வாங்குவதில் இவ்வளவு கணக்கு இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா. "எல்லா மேசைக்கும் பொருந்தும்" என்று போடுகிறார்கள், சரி, காரைக்குடிப் பக்கம் ஐயா காலத்து பர்மா தேக்கு மேசையைப் பார்த்துவிட்டா எழுதினார்கள்? பலகைக்கு அடியில் சட்டம் வேறு ஓடுகிறது, கவ்விக்குப் பிடிக்க இடமே இல்லை. ஓட்டை போட்டு மாட்டலாம் என்றால் அப்பத்தா வீட்டை இரண்டாக்கிவிடுவார்.

அப்புறம் எடை. ஷூர் எஸ்எம்7பி மாதிரி மைக் மட்டுமே சுமார் 765 கிராம், மலிவான ஸ்பிரிங் கைகள் அதை மாட்டியதும் பேச்சு பாதியில் இருக்கும்போதே மெல்லத் தலைகுனிகின்றன; லேசான மைக்கை மாட்டினால் அதே கை விறைத்துக்கொண்டு மேலே எகிறுகிறது, திருகை இறுக்கினால் கிரீச். இரண்டையும் இணைக்கும் திருகு மரை இன்னொரு கூத்து: மைக்கில் 5/8 அங்குலம், கையில் 3/8, நடுவில் வரவேண்டிய குட்டி அடாப்டரைப் பெட்டியில் வைக்க மாட்டார்களாம்.

இத்தனைக்கும் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவரத்தான் இந்தக் கை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் உயர்ந்த கூரையும் உள்ள பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், கொஞ்சம் தள்ளிப் பேசினாலே கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி எதிரொலி. எவ்வளவு எடை தாங்கும், கவ்வி எவ்வளவு திறக்கும், இந்த இரண்டையும் முதல் வரியில் போட்டால் என்ன கேடு?