கடைமடைக்குத் தண்ணீர் வந்த அன்றுதான் அழுதேன்

வருகிற வைகாசியோடு அப்பா போய் ஒரு வருஷம். தலைத்திவசத்துக்கு யார் யாருக்குச் சொல்லி விடுவது என்று அம்மா கணக்குப் போட ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வயிறு கலங்கியபடியே இருக்கிறது. வரப்போகிறவர்களில் பாதிப் பேர் இங்கே நட்பில் இருக்கிறீர்கள். அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்.

எனக்கு 37 வயது. ஆட்டிசம் இருப்பது 33 வயதில்தான் தெரிந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அதுவும் ஒன்று. "கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதுற பொண்ணுக்கு எப்படிம்மா அது வரும்? சின்னப் புள்ளைங்களுக்குத்தானே?" என்று கேட்காதவர் இல்லை. அந்தச் சின்னப் பிள்ளைகள் வளரத்தானே செய்வார்கள்?

அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று நான் அழவில்லை. "பெத்த அப்பன் கெடக்குறான், ஒரு பொட்டுக் கண்ணீர் வரலையே, கல்லு மனசுக்காரி" என்று அத்தை சொன்னது காதில் விழுந்தது.

அத்தை, அன்றைக்கு எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஃப்ரீசர் பெட்டி விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. வாசலில் பறை, இடையிடையே வெடி. ரோஜா மாலையும் ஊதுபத்தியும் சேர்ந்து மூக்கை அடைத்தன. உள்ளே வந்த ஒவ்வொருவரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். நம் வழக்கம் அதுதான், அன்பும்தான். ஆனால் ஒரு கை பட்டாலே எனக்குத் தோல் எரிகிற மாதிரி இருக்கும். அன்று எத்தனை கைகள்! பத்து மணிக்கு மேல் எனக்குப் பேச்சு நின்றுபோனது. பேசப் பிடிக்காமல் இல்லை. வார்த்தை வரவில்லை. இரண்டு நாள் வரவில்லை. ஆங்கிலத்தில் இதை ஷட்டவுன் என்கிறார்கள்.

உள்ளே ஏதோ பெரிதாக நடக்கிறது என்று மட்டும் தெரியும். நெஞ்சு இறுகும், கை குளிரும், சாப்பாடு இறங்காது. அது துக்கமா, பயமா, பசியா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதற்கு அலெக்ஸிதைமியா என்று 1970களில் பெயர் வைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. உணர்ச்சி இல்லாமல் இல்லை. அதற்குப் பெயர் தெரிவதற்குள் நாள் ஓடிவிடுகிறது.

2025இல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். கல்லணைக்கு வர மூன்று நாள் என்றால், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, பாசனத்தின் கடைசியில் கிடக்கும் எங்கள் கடைமடை வாய்க்காலுக்கு வர வாரக்கணக்கு ஆகும். ஆனிக் கடைசியில் ஒருநாள் காலை வந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, வெடித்துக் கிடந்த தரை குடிக்கக் குடிக்க, மெதுவாக வரும் அந்த முதல் தண்ணீர்.

சின்ன வயதில் அதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் தாங்காது. இரண்டு கைகளையும் உதறி உதறிக் குதிப்பேன். "பொம்பளப் புள்ள என்ன இப்படி ஆடுது" என்று கையைப் பிடித்து நிறுத்தாத ஒரே ஆள் அப்பா. நான் ஓயும்வரை பக்கத்திலேயே நிற்பார். பிறகு ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வயலுக்குப் போவார்.

அன்று பக்கத்தில் அவர் இல்லை. அப்போதுதான் எனக்கு அப்பா செத்துப்போனார்.

கரையிலேயே விழுந்து கத்தினேன். கையைக் கடித்துக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது. மதியம் வரைக்கும் நிற்கவில்லை. எதிர்வீட்டுச் சித்தி திருநீறு கொண்டு வந்தார். மனநோய் தீர வேண்டிக்கொண்டு போகும் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார் ஒருவர். யார் மேலும் எனக்குக் கோபமில்லை, பயந்துபோய்ச் செய்தீர்கள். ஆனால் அது பேயும் இல்லை, பிடிவாதமும் இல்லை. தாங்கும் அளவு தாண்டி உடம்பு உடைந்துபோகிற நேரம் அது. நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததும் ஆளுக்கொரு கேள்வி கேட்டதும்தான் அதை மதியம் வரை இழுத்தது.

டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு, 2012இல் ஒன்றை எழுதினார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்பது அதன் சாரம். எனக்கு உங்கள் முகம் புரிவதில்லை என்றால் உங்களுக்கும் என் முகம் புரிவதில்லை. ஆனால் இரண்டையும் என் கணக்கிலேயே பற்று எழுதுகிறீர்கள். அது நியாயமில்லை என்று நினைக்கிறேன். சாவு வீட்டில் அழுகிறவளுக்குத்தான் துக்கம் என்று யார் அளந்தது?

அம்மா இப்போது கற்றுக்கொண்டுவிட்டார். எனக்கு முட்டிக்கொண்டு வருகிறது என்று தெரிந்தால் கதவைச் சாத்துவார், விளக்கை அணைப்பார், இரண்டு ஜமுக்காளத்தை மடித்து என் மேல் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் கேட்க மாட்டார். அந்தக் கனம் எனக்கு மருந்து. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்று ஆட்டிசம் உள்ள ஒரு கால்நடை அறிவியலாளர், ஊசி போட மாட்டை இறுக்கி நிறுத்தும் கூண்டைப் பார்த்துவிட்டு, 18 வயதில் தனக்கும் அப்படி ஒன்று செய்துகொண்டாராம். படித்தபோது ஜமுக்காளத்தைத்தான் நினைத்தேன்.

திவசத்தன்று நான் பின்கட்டு அறையில் இருப்பேன். படையல் போடும்போது வருவேன். கட்டிப்பிடிக்க வேண்டாம். அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லத் தோன்றினால், ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.