களையாம், ஆவாரஞ்செடி!

வேரோடு பிடுங்கிப் போட்ட ஆவாரஞ்செடிகளை நேற்று ராத்திரி ஒரு படம் எடுத்துப் போட்டேன், அந்த ஒரு படத்துக்கு இத்தனை பேர் வந்து பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் அழுகிற முகம் போட்டீர்கள், மீதிப் பேர் "விடுங்கக்கா, செடிதானே" என்றீர்கள். விட்டிருப்பேன். இன்று காலை எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் செயலாளர் அண்ணன், "களைகள் அகற்றப்பட்டு அழகுபடுத்தும் பணி இனிதே நிறைவடைந்தது" என்று நாலு கும்பிடு போட்டுச் செய்தி அனுப்பாமல் இருந்திருந்தால் நிச்சயமாக விட்டிருப்பேன்.

களையாம். கிழக்குச் சுவர் ஓரம் ஒரு குடம் தண்ணீர் கூட யாரும் ஊற்றாமல் பதினோரு ஆவாரஞ்செடிகள் மஞ்சளாகப் பூத்து நின்றன. ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் இருபத்துநாலு தபேபுயா கன்று. பெங்களூரில் பிங்க் கலரில் பூக்குமே, எல்லோரும் கீழே நின்று ரீல்ஸ் எடுப்பார்களே, அந்த மரம்தான்.

மரத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் பெங்களூரில்தான் வேலை பார்க்கிறாள், போன மார்ச்சில் அந்த மரத்தடியில் நின்று படம் அனுப்பினாள். அழகுதான், யார் இல்லை என்றது? எல் சால்வடோர் நாட்டுக்கு அது தேசிய மரம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது அவர்கள் மண்ணின் மரம், கொண்டாடட்டும். ஆனால் பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், வருஷத்துக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர். நாம் இருப்பது பல்லடம் பக்கம். மேற்குத்தொடர்ச்சி மலை முக்கால்வாசி மழையை அந்தப் பக்கமே பிடித்து வைத்துக்கொண்டு நமக்குக் காற்றை மட்டும் அனுப்புகிற ஊர். இங்கே மாசி பிறந்தால் லாரித் தண்ணீருக்கு டோக்கன் போடுகிறோம், அதே குழுவில்தான், அதே செயலாளர் அண்ணன்தான் போடுகிறார்.

பெங்களூரும் ரீல்ஸ் பார்த்து மரம் நட்ட ஊர் இல்லை. அங்கே இருக்கிற லால்பாக் பூங்காவுக்கு 1908-ல் வந்த கிரும்பிகல் என்கிற ஜெர்மன்காரர், ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் அடுத்தது பூக்க வேண்டும் என்று மாதக் கணக்குப் போட்டு நடுகிற வழக்கத்தை அங்கே கொண்டு வந்தார் என்பார்கள். யோசித்து நட்ட மனுஷன். நாம் யோசித்தது என்ன? பக்கத்து லேஅவுட்டில் வைத்திருக்கிறார்கள், நாமும் வைப்போம்.

"ஒருதரம் வேர் பிடித்துவிட்டால் தபேபுயாவும் வறட்சி தாங்கும்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தாங்கும் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். வேர் பிடிக்கிற வரைக்கும், அந்த இரண்டு மூன்று கோடைக்கு யார் ஊற்றுவது? நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையுமே வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததே, அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷத்துத் தென்னைகள் மொட்டையாக நின்றதை நான் பார்த்தேன். வரப்போரத்து ஆவாரை அப்போதும் பூத்தது. பூ சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆவாரை நிழல் தராதே என்று ஒருவர். தராது. நிழல் வேண்டுமென்றால் வேம்பு வையுங்கள், புங்கன் வையுங்கள். பாம்பு வரும் என்று இன்னொருவர். அவர் வீட்டுப் பின்பக்கம் கொட்டி வைத்திருக்கிற செங்கல் குவியலுக்கு வராத பாம்பு ஆவாரைக்கு வருமாம். அப்புறம் ஒரு அறிவாளி, "தக்காளி, மிளகாய்கூட வெளிநாட்டுச் செடிதான், சாப்பிட மாட்டீர்களா" என்கிறார். சாப்பிடுவேன். தக்காளி வைக்க ஆவாரையைப் பிடுங்கியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பதை நான் எடுத்துவிடப் போவதில்லை. வருஷம் முழுக்கச் சர்க்கரை நோய்க்கு அதை ஃபார்வர்டு பண்ணுகிறவர்கள்தான் நேற்று ஜேசிபிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தார்கள். நான் மருந்தே பேசவில்லை. அந்தப் பூவில் தேன் கிடையாது, தெரியுமா? மகரந்தம் குழல் மாதிரிப் பைக்குள் அடைந்திருக்கும், நுனியில் ஓட்டை. கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவிட்டு உதறினால்தான் கொட்டும். காலை ஏழு மணிக்குச் சுவரோரம் நின்றால் அந்த "ங்ர்ர்" சத்தம் கேட்கும். பச்சை கலந்த வெள்ளையில் ஒரு வண்ணத்துப்பூச்சி அந்த இலையில்தான் முட்டை வைக்கும். ஆடுகூடச் சீந்தாத இலை, அதன் புழுவுக்கு அதுதான் சோறு. ஒரு காலத்தில் இந்த ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல்தான் மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறியது. பக்கத்துத் தெலங்கானாக்காரன் இதை மாநிலப் பூ என்று வைத்திருக்கிறான். நமக்குக் களை.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது போகிப் பண்டிகையை நினைத்தால்தான். வருஷா வருஷம் காப்புக் கட்ட பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ என்று சந்தைக்கு ஓடி, கட்டு முப்பது ரூபாய் என்றால் பேரம் பேசி வாங்கி வந்து வாசலில் செருகுகிறோம். சுவரோரம் சும்மா நின்றதை நாலு பேர் என்னிடம் கேட்டே பறித்துப் போயிருக்கிறார்கள். செயலாளர் அண்ணன் வீட்டு அண்ணியும்தான்.

சரி, இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குழுவில் நான் இரண்டே வரி கேட்டதற்கு ஒருவர் (பெயர் வேண்டாம், படித்தவர்) "இன்னும் காட்டுப் புத்தி போகலையே" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வேறு. பதினேழு பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. காலேஜ் ஹாஸ்டலில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களும் இதையேதான் சொன்னார்கள், முப்பது வருஷம் ஆகிவிட்டது.

எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, சித்திரை வெயிலில் காட்டு வேலைக்குப் போகும்போது ஒரு கொத்து ஆவாரந்தழையை ஒடித்துத் தலையில் வைத்து அதன்மேல் துண்டைக் கட்டிக்கொள்ளும். சூடு ஏறாது கண்ணு என்று எனக்கும் ஒரு கொத்து வைக்கும், நான் தட்டிவிடுவேன், அரிக்கும். அந்தப் பதினொன்றில் மூன்று செடி, அமுச்சி காட்டு வரப்பிலிருந்து நான் விதை கொண்டுவந்து, வெந்நீரில் ஊறப்போட்டு முளைக்க வைத்தது. காடு இப்போது எங்களிடம் இல்லை. இதை நான் குழுவில் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பொம்மை போடுவார்கள்.

மத்தியானம் செயலாளர் அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "அக்கா, உங்களுக்கு அவ்வளவு வருத்தம்னா ரெண்டு செடி தொட்டியில வெச்சுக்கங்க, சங்கத்துல யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

தொட்டியில். ஆவாரையை.

சாயங்காலம் குப்பைமேட்டுக்குப் போய்ப் பிடுங்கிப் போட்ட செடிகளில் முற்றிய காயாகப் பார்த்துப் பறித்து வந்தேன், இரண்டு படி இருக்கும். மழை வந்ததும் சுவருக்கு வெளியே ரோட்டோரப் பள்ளத்தில் தூவப் போகிறேன். அந்த இடம் சங்கத்துக்குச் சேராது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.