போர்டிங் பாஸில் எழுத்து தெரியவில்லையாம்!

எல்.டி.சி. பில், அதாவது மத்திய அரசு ஊழியனான நான் குடும்பத்தோடு விடுப்பில் போய்வந்த பயணச் செலவைக் கேட்டுக் கொடுத்த பில், திரும்பி வந்துவிட்டது. காரணம் சிவப்பு மையில்: "போர்டிங் பாஸில் எழுத்துகள் தெளிவாக இல்லை. தெளிவான அசலைச் சமர்ப்பிக்கவும்."

தெளிவான அசல்! விமான நிலைய இயந்திரம் துப்பும் அந்தத் தாள் என்ன செப்புப் பட்டயமா? சூட்டில் எழுத்து விழுகிற தாள். நான் கொடுத்த அன்று பெயர், தேதி, இருக்கை எண் எல்லாம் கருகருவென்று இருந்தன. அதை வாங்கி, டேக் கோர்த்து, ஃபைலில் வைத்து, ஃபைலை ஜன்னலோர அலமாரியின் மேல் வைத்து, கோடை முழுவதையும் அதன் தலையில் காயவிட்டது யார்? இப்போது அது பளிச்சென்ற வெள்ளைத் தாள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்த தடம் மட்டும்தான் அதில் தெளிவாக இருக்கிறது. பயணம் செய்ததற்கு அதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம்.

பில் பார்க்கும் மேடத்திடம் நேரில் போனேன்.

"சார், இதுல ஒண்ணுமே தெரியலையே."

"கொடுக்கும்போது தெரிஞ்சுது மேடம்."

"இப்ப தெரியலையே."

"இத்தனை நாளா உங்ககிட்டதானே இருந்துச்சு?"

"அதான் சார் சொல்றேன். எங்ககிட்ட இருக்கறதுல தெரியலை. அதனாலதான் ஆப்ஜெக்‌ஷன்."

"என்கிட்ட ஜெராக்ஸ் இருக்கு, அதுல நல்லாத் தெரியுது."

"ஜெராக்ஸ் எடுத்துக்க மாட்டாங்க. ஒரிஜினல் வேணும்."

"ஒரிஜினல் உங்க கையில இருக்கு."

"இதுல தெரியலையே சார்."

இந்த இடத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒருவித மரியாதைதான் வந்தது. எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் கொண்டுவந்து அதே வாசலில் நிறுத்துகிற பேச்சு. கடைசியில் இரக்கப்பட்டு ஒரு வழியும் சொன்னார். விமான நிறுவனத்திடம் "இவர் உண்மையாகவே பறந்தார்" என்று ஒரு கடிதம் வாங்கி வர வேண்டுமாம். நான் மட்டுமில்லை, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பறந்தார்கள் என்று ஆளுக்கொரு கடிதம்.

அவரும் பாவம்தான். காலியிடம் நிரப்பாததால் மூன்று பேர் வேலையை ஒருவரே பார்க்கிறார். அது எனக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு நியாயம் பேசும் மனநிலையில் நான் இல்லை.

ஆப்ஜெக்‌ஷன் அதோடு முடிந்ததா? அடுத்த வரியைப் பாருங்கள். "அறிவிக்கப்பட்ட இடம்: ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் உள்ள இடம்: போர்ட் பிளேர். வேறுபாட்டுக்கு விளக்கம் தருக."

நானா விளக்கம் தர வேண்டும்? 2024 செப்டம்பரில் அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது யார்? மத்திய அரசு. எனக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அதே மத்திய அரசு. அரசு சொன்ன பெயரைப் பொறுப்பான ஊழியனாக விண்ணப்பத்தில் எழுதினேன். டிக்கெட்டில் பழைய பெயர் வந்தது. உடனே வங்காள விரிகுடாவில் இரண்டு தலைநகரங்கள் முளைத்துவிட்டன, நான் ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றில் ஒளிந்துகொண்டேன்! "விமானம் கிளம்பும்போது போர்ட் பிளேராக இருந்தது, இறங்கிப் பெட்டியை எடுப்பதற்குள் ஊர் மாறிவிட்டது" என்று விளக்கம் எழுதலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். எழுதினால் ஏற்றுக்கொண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

இந்தப் பயணத்துக்குக் கிளம்பிய கதை தனி. விமான டிக்கெட்டைப் பயணத்துக்கு 21 நாள் முன்பே போட வேண்டும், மூன்று மணி நேர இடைவெளிக்குள் எது மலிவோ அதைத்தான் எடுக்க வேண்டும், விமானமும் கட்டணமும் காட்டும் இணையப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2022-ல் நிதி அமைச்சகம் உத்தரவு போட்டது. சரி, மக்கள் பணம், நியாயம்தான். எடுத்தேன், பிரிண்ட்டும் வைத்தேன். ஆனால் லீவு? அது கிளம்புவதற்கு முந்தின நாள் மாலைதான் சாங்ஷன் ஆனது. விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1972 விடுப்பு விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. ஆக, போக முடியுமா என்று தெரியாமலே 21 நாள் முன்பு டிக்கெட் போட வேண்டும். போட்ட டிக்கெட்டை ரத்து செய்தால் ஏன் ரத்து செய்தாய் என்று எழுதித் தர வேண்டும். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, பிள்ளைகளிடம் "போறோம், ஆனா போகாமலும் இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னவள் கேட்டாள், "அப்பா, உங்க ஆபீஸ்ல யாருக்குமே நாளைக்கு என்னன்னு தெரியாதா?" தெரியாது கண்ணு.

எனக்கு எரிவதெல்லாம் இதுதான்: இந்த உத்தியோகத்தில் கடிகாரம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் ஓடுகிறது. பயணச் செலவுக்கு அட்வான்ஸ் வாங்கினால் திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் நான் பில் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் அட்வான்ஸ் மொத்தமும் பிடித்தம், தண்ட வட்டியோடு. அதே பில்லை இத்தனை வேலை நாளுக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கும் 2016-ல் கெடு வைத்தார்கள். தாண்டினால் அவர்களுக்கு என்ன தண்ட வட்டி? ஒன்றுமில்லை. அந்த ஆப்ஜெக்‌ஷன் தாளின் கடைசி வரியைச் சொல்ல மறந்துவிட்டேன்: "உரிய காலத்தில் முழுமையான பில் வராததால் அட்வான்ஸை ஏன் பிடித்தம் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் கூறவும்." என் பில் கோடை முழுக்க வெயில் காய்ந்தது அவர்கள் அலமாரியில். தாமதம் என் கணக்கில்!

காலையில் பயோமெட்ரிக்கில் விரல் வைக்கத் தாமதமானால் அரை நாள் சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு, போய்விடும். வருஷத்துக்கு இருப்பதே எட்டு சி.எல். அந்த இயந்திரம் விரலை அடையாளம் தெரியாமல் "மீண்டும் முயலவும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரமும் என் நேரம்தான். மனிதன் தாமதமாக வந்தால் அரை நாள் போகும். ஃபைல் தாமதமாக வந்தால் "பரிசீலனையில் உள்ளது".

இது என் அலுவலகத்து வியாதி மட்டும் இல்லை. ஜூன் 30 கதை உங்களுக்குத் தெரிந்ததுதானே? ஒருவர் ஒரு வருஷம் முழுக்க வேலை பார்த்திருப்பார், இன்கிரிமென்ட் தேதி ஜூலை 1, ரிட்டயர்மென்ட் ஜூன் 30. ஜூலை 1 அன்று பணியில் இல்லை, ஆகவே இன்கிரிமென்ட் இல்லை. அய்யம்பெருமாள் என்ற அதிகாரி 2013 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்று, இந்த ஒரு நாளுக்காக வழக்குப் போட்டு, 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். உடனே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்களா? அது அவருக்கான தீர்ப்பாம். அடுத்தவர் தனியாக வழக்குப் போட வேண்டுமாம். 2023-ல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதையே சொல்லி, அதற்கு அப்புறமும் இழுத்து, 2025 மே மாதம்தான் பொதுவான உத்தரவு வந்தது. அதுவும் பென்ஷன் கணக்குக்கு மட்டும், பெயரளவு இன்கிரிமென்ட். ஒரு நாள் குறைகிறது என்று சொன்னவர்கள், அந்த ஒரு நாளைச் சரிசெய்ய எடுத்துக்கொண்டது எத்தனை நாள் என்று கூட்டிப் பாருங்கள்.

கோவிட் காலத்தில் நிறுத்திய அகவிலைப்படியைப் பற்றி நான் பேசவே போவதில்லை. 2020 ஜனவரி தொடங்கி மூன்று தவணை, 18 மாதம். 2021 ஜூலையில் 17 சதவீதத்திலிருந்து 28-க்கு ஏற்றினார்கள், நிலுவை கிடையாது என்றார்கள். பேசவே போவதில்லை என்றேன் அல்லவா, விடுங்கள்.

சங்கத்துக்குப் போகலாமே என்பீர்கள். போனேன்.

"கவலைப்படாதீங்க தோழர், ஆபீஸ் கவுன்சில் அஜெண்டாவுல சேர்த்துடலாம்."

"கவுன்சில் எப்ப கூடுது தோழர்?"

"முதல்ல கவுன்சிலை அமைக்கணும் தோழர்."

இந்தக் கவுன்சிலின் கதை இது: 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரச் சட்டம், கைது, வேலைநீக்கம் எல்லாம் நடந்தது. அப்புறம் இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம் என்று 1966-ல் ஜே.சி.எம். என்ற கூட்டு ஆலோசனை அமைப்பைக் கொண்டுவந்தார்கள். இதற்கு மூல மாதிரி இங்கிலாந்தின் விட்லி கவுன்சில். அமைச்சரவைச் செயலர் தலைமையில் தேசிய கவுன்சில், கீழே துறை கவுன்சில், அதற்கும் கீழே எங்கள் ஆபீஸ் கவுன்சில். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தேசிய கவுன்சில் நான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்று அதன் அமைப்பு விதியே சொல்கிறது. 46-வது கூட்டம் நடந்தது 2010 மே. 47-வது? 2019 ஏப்ரல். நான்கு மாதம் என்பதை நான்கு மாதமாகவே எடுத்துக்கொள்வது எங்களைப் போன்ற கீழ்மட்ட ஆட்களின் பழக்கம் போலிருக்கிறது. நானும் அடுத்த பில்லை ஒன்பது வருஷம் கழித்துக் கொடுக்கிறேன், பார்க்கலாம்.

வேலைநிறுத்தமா? 1964 நடத்தை விதிகளில் விதி 7 அதற்குக் கதவைச் சாத்திவிட்டது. 2003-ல் தமிழ்நாடு அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றமும், அடிப்படை உரிமையும் இல்லை, தார்மீக உரிமைகூட இல்லை என்று சொல்லிவிட்டது. பேச வேண்டிய மேஜை ஒன்பது வருஷம் காலி. மேஜைக்கு வெளியே கத்தினால் மெமோ.

மெமோ என்றதும் ஞாபகம் வருகிறது. அதே நடத்தை விதிகளில் விதி 9 என்று ஒன்று உண்டு. அரசின் நடவடிக்கையை விமர்சித்து வெளியில் எழுதக் கூடாது. ஆகவே யாரும் தவறாக நினைக்க வேண்டாம். இந்தப் பதிவில் நான் திட்டுவது வெயிலை. எழுத்தை அழித்தது வெயில். ஊர்ப் பெயரைக் குழப்பியதும் வெயில்தான். வானிலைத் துறை ஓர் அமைச்சகத்தின் கீழ் வரலாம், வெயில் வராது என்று தைரியமாக இருக்கிறேன்.

எழுத எழுத ரத்தக் கொதிப்பு இறங்கி, இப்போது தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

இதற்கு நடுவில் போனில் மச்சான். எட்டாவது ஊதியக் குழு வீடியோ ஒன்றை அனுப்பியிருக்கிறார். முகப்பில் சிவப்பு அம்பு, நோட்டுக் கட்டு, வாயைப் பிளந்த ஒரு ஆள், "இரட்டிப்பாகும் சம்பளம்!" என்று தலைப்பு. குழு இன்னும் யாரிடமும் பேசி முடிக்கவில்லை, யூடியூபில் எனக்கு அரியர் வரை போட்டுவிட்டார்கள். போன ஊதியக் குழுவின் போதும் இப்படித்தான், அறிக்கை வருவதற்கு முன்பே சொந்தக்காரர்கள் என் சம்பளத்தைப் பங்கு பிரித்துவிட்டார்கள். கீழே அவருடைய செய்தி: "வாழ்த்துகள் மச்சான்! வண்டி லோனுக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும், கவர்மென்ட் ஆளா இருந்தா பேங்க்ல கேள்வியே கேட்க மாட்டாங்களாம்."