"ஈஸியா ஒரு தீசிஸ் டாபிக் சொல்லுங்க அக்கா"

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஜூனியர் பொண்ணு ஒருத்திகிட்ட இருந்து வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட். எம்.டி. மைக்ரோபயாலஜி ஃபர்ஸ்ட் இயர். "அக்கா, ஈஸியா ஒரு டாபிக் சொல்லுங்க, சாம்பிள் நம்ம வார்டுலயே கிடைக்கணும், ரிசல்ட் கண்டிப்பா வரணும், கைடு கோவப்படக் கூடாது." கேட்டதும் சிரிச்சுட்டேன். அப்புறம் சிரிப்பு வரல, ஏன்னா என் தீசிஸும் அப்படித்தான் பொறந்துச்சு. நான் படிச்ச காலேஜ்ல (பேரு வேணாம்) என் கைடு லிஃப்டுக்கு நின்னுட்டு இருக்கும்போதே டாபிக் குடுத்துட்டாரு. யூரின் கல்ச்சர்ல ஈ கோலைன்னு ஒரு பாக்டீரியா, எந்த ஆன்டிபயாட்டிக் கேக்குது எது கேக்கல. எனக்கு முன்னாடி மூணு பேட்ச் அதையேதான் பண்ணிருந்தாங்க. "பழசெல்லாம் லைப்ரரில இருக்கும்மா, ஃபார்மட் பாத்துக்கோ"ன்னாரு. ஃபார்மட் பாக்குறதுன்னா என்னன்னு பி.ஜி. படிச்ச யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

அந்தப் பொண்ணுக்கு டாபிக் சொல்லல. பதிலா எம்.எம்.சி.ல (மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்) 1985 கடைசில ஒரு பி.ஜி.க்கு டாபிக் கிடைச்ச கதைய அஞ்சு வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். அதத்தான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

டாக்டர் சுனிதி சாலமன். பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, இந்தியாவுல முதல்முதலா எச்.ஐ.வி.ய கண்டுபிடிச்சவங்கன்னு ஜி.கே. புக்ல ஒரு வரி வரும். சென்னையில செட்டில் ஆன மராத்தி குடும்பம், அப்பா தோல் வியாபாரி. எம்.எம்.சி.ல படிச்சு, கூடப் படிச்ச சாலமன் விக்டர கல்யாணம் பண்ணி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு வேலை பாத்துட்டு 1973ல திரும்பி வந்துட்டாங்க. எம்.எம்.சி.லயே மைக்ரோபயாலஜி புரொபசர். வீட்டுக்காரர் ஹார்ட் சர்ஜன். அதாவது ஒன்னும் பண்ணாம நிம்மதியா ரிட்டயர் ஆகுற எல்லா வசதியும் அந்தம்மாவுக்கு இருந்துச்சு.

அப்ப அமெரிக்காவுல எய்ட்ஸ் வந்து நாலஞ்சு வருஷம் ஆகிருந்துச்சு. இங்க பேப்பர்லாம் என்ன எழுதுச்சுன்னா அது ஒழுக்கம் கெட்ட வெள்ளக்காரன் வியாதி, நம்ம பண்பாட்டுக்கு அதெல்லாம் வராதுன்னு. (இந்தப் பேச்சு இப்பவும் வேற வேற வியாதிக்கு வருது, விடுங்க.) பம்பாய்ல நூத்துக்கணக்குல டெஸ்ட் பண்ணி எல்லாம் நெகட்டிவ். இந்த நேரத்துல டாபிக் தேடிட்டு இருந்த 32 வயசு பி.ஜி. நிர்மலாகிட்ட மேடம் சொல்றாங்க, நீ மெட்ராஸ்ல எச்.ஐ.வி. தேடு, 200 சாம்பிள். நிர்மலாவுக்கு நம்பிக்கையே இல்ல, எல்லாம் நெகட்டிவாத்தான் வரும்னு மேடம்கிட்டயே சொல்லிருக்காங்க.

இந்த இடத்துலதான் நான் நிக்குறேன். பதில் என்னன்னு கைடுக்கே தெரியாத ஒரு கேள்விய ஸ்டூடண்ட் கையில குடுக்கறது. அத எங்க பாத்திருக்கோம் நாம? எங்க கைடுகளுக்கு டிஸ்கஷன் சாப்டரோட கடைசி வரி என்னன்னு முதல் நாளே தெரியும்.

இனிமே நடந்ததெல்லாம் நிர்மலா ஓட்டம்தான். பம்பாய், பூனா மாதிரி மெட்ராஸ்ல தனியா ஒரு ஏரியா கிடையாது, பாலியல் தொழில்ல இருக்கவங்கள எங்க போய் தேடறது? நிர்மலா சின்ன ஊர்ல கட்டுப்பெட்டியா வளந்தவங்க. ஜி.எச்.ல பால்வினை நோய்க்கு வர்ற பெண்கள்கிட்ட மெதுவா பழகிருக்காங்க. அவங்க ஃபார்ம பாத்தா நிறைய பேரோட அட்ரஸ் ஒரே மாதிரி, விஜிலன்ஸ் ஹோம். போலீஸ் புடிச்சு, ஜாமீனுக்குப் பணம் இல்லாம அடைச்சு வச்சிருக்க இடம். தினம் காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அங்க போய் ரத்தம் எடுக்கறது. வீட்டுல ரெண்டு சின்னப் பசங்க, பஸ் காசு மிச்சம் பண்ண வீட்டுக்காரர் ஸ்கூட்டர்ல கொண்டு விடுவாராம். கையில கிளவுஸ் கூட கிடையாது. மூணு மாசத்துல 80க்கு மேல சாம்பிள் சேந்துச்சு. ரத்தத்துல இருந்து சீரம் (மேல தெளிஞ்சு நிக்குற நீர்) பிரிச்சு எங்க வச்சாங்க தெரியுமா, வீட்டு ஃப்ரிட்ஜ்ல. எச்.ஐ.வி. இருக்கலாமோன்னு தேடுற சீரம், பால் பாக்கெட் வைக்கிற அதே ஃப்ரிட்ஜ்ல! இன்னிக்கு எந்த எதிக்ஸ் கமிட்டி கேட்டாலும் மயங்கி விழுந்துடும்.

சென்னையில எலைசா (ரத்தத்துல எச்.ஐ.வி. தொற்றோட அடையாளம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்) வசதி இல்ல. மேடம் வேலூர் சி.எம்.சி.ல பேசி வச்சாங்க. 1986 பிப்ரவரில நிர்மலாவும் வீட்டுக்காரரும் ஐஸ் பாக்ஸ தூக்கிட்டு ராத்திரி ரயில் ஏறி காட்பாடி, அங்கிருந்து ஆட்டோ. வைராலஜில டாக்டர் ஜேக்கப் ஜான், தன்கிட்ட இருந்த ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ்னு ரெண்டு இளம் டாக்டர்கள கூட அனுப்பினாரு. காலைல எட்டரைக்கு ஆரம்பிச்சாங்க. மதியம் கரண்ட் கட். சரின்னு டீ குடிக்கப் போய்ட்டு வந்தாங்க. ஜார்ஜ் பாபு மூடியத் தொறந்து பாத்தாரு, சட்டுனு மூடிட்டாரு.

எலைசா பண்ணவங்களுக்கு அந்த மூடிய மூடற கை புரியும். நாங்க இப்ப பண்றதுல ஒரு பிளேட்டுக்கு 96 சின்னச் சின்னக் குழி. சீரம் ஊத்தணும், காத்திருக்கணும், கழுவணும், அடுத்தத ஊத்தணும், மறுபடி கழுவணும், நாலஞ்சு தடவ கழுவிக் கழுவி கை மரத்துப் போய்டும். நெகட்டிவ்னா கடைசில தண்ணி மாதிரி கிடக்கும். மஞ்சள் வந்தா முதல்ல தோணறது பாசிட்டிவ்னு இல்ல, அய்யய்யோ சரியா கழுவலயோன்னுதான். அன்னிக்கு ஆறு மஞ்சள்.

மறுபடி மெட்ராஸ் வந்து அந்த ஆறு பெண்கள்கிட்டயும் திரும்ப ரத்தம் எடுத்து, சிமோஸ் அத அமெரிக்கா கொண்டு போய், வெஸ்டர்ன் பிளாட்னு உறுதிப்படுத்துற டெஸ்ட்லயும் பாசிட்டிவ். பிரதமர் ராஜீவ் காந்தி வரைக்கும் விஷயம் போச்சு. மே மாசம் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில அறிவிச்சப்ப மேடமும் ஸ்டூடண்டும் பார்வையாளர் கேலரில உக்காந்திருந்தாங்களாம். அடுத்து ஆரம்பிச்சது வசவு. டெஸ்டே தப்புன்னாங்க. மராத்திக்காரி, நம்ம ஊரு பேர கெடுக்க வந்துட்டான்னாங்க. நிர்மலா என்ன பண்ணாங்க? தீசிஸுக்கு 200 சாம்பிள் வேணும்ல, திரும்பப் போய் மிச்சத்த எடுத்து 1987 மார்ச்ல சப்மிட் பண்ணிட்டு, கிங் இன்ஸ்டிட்யூட்ல வேலைக்குச் சேந்து 2010ல ரிட்டயர் ஆனாங்க. நாடே ஆடிப் போச்சு, ஆனா தீசிஸ் தீசிஸ்தான் 😄

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துது, அத மறைச்சுட்டு ஆஹா ஓஹோன்னு எழுத எனக்கு மனசு வரல. அந்தப் பெண்கள்கிட்ட எதுக்கு ரத்தம் எடுக்குறோம்னு சொல்லல. வழக்கமான பால்வினை நோய் டெஸ்ட்னு அவங்க நெனச்சுட்டாங்க. சொன்னாலும் புரிஞ்சிருக்காதுன்னு நிர்மலாவே பின்னாடி வெளிப்படையா பேசிருக்காங்க. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க, சரி. ஆனா அடைச்சு வச்சிருக்க இடத்துல இருக்கவ மாட்டேன்னு எப்படிச் சொல்லுவா? சம்மதம் இல்லாம எச்.ஐ.வி. டெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு சட்டம் வர 2017 ஆச்சு. இந்தக் கதைய கிளாஸ்ல சொல்றவங்க ஸ்கூட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் சொல்லுவாங்க, இத மட்டும் சொல்ல மாட்டாங்க. ரெண்டையும் சேத்துச் சொன்னாத்தான் அது பாடம்.

சுனிதி மேடம் அந்த ஆறு மஞ்சளோட நிக்கல, அதனாலதான் அவங்க மேல எனக்கு இவ்ளோ மரியாதை. மைக்ரோபயாலஜிஸ்ட்னா எங்களுக்கு நோயாளின்னா ஒரு ட்யூப், மேல ஒரு நம்பர், அவ்ளோதான். அந்தம்மா ட்யூப விட்டுட்டு ஆளப் பாக்க ஆரம்பிச்சாங்க. எம்.எம்.சி.லயே கவுன்சிலிங்கும் டெஸ்ட்டும் பண்ற சென்டர், அப்புறம் 1993ல அப்பா கெய்தொண்டே பேர்ல ஒய்.ஆர்.ஜி. கேர்னு ஒரு எச்.ஐ.வி. கிளினிக். வேற ஆஸ்பத்திரில தொடமாட்டேன்னு துரத்தி விட்டவங்க அங்க வந்தாங்க. வந்தவங்கள வச்சு ஆராய்ச்சியும் நடந்துச்சு. தென்னிந்தியாவுல எச்.ஐ.வி. வந்த பெண்கள்ல பெரும்பாலோர் புருஷனத் தவிர வேற யாரையும் அறியாத இல்லத்தரசிகள்னு அந்த கிளினிக் கணக்குதான் போட்டு உடைச்சது. பண்பாடு பேசினவங்க அப்ப எங்க போனாங்களோ. மருந்து குடுத்து வைரஸ அடக்கிட்டா ஜோடில இன்னொருத்தருக்குப் பரவறது 96 சதவீதம் குறையுதுன்னு 2011ல உலகத்துக்கே காட்டின ஆய்வுல, 9 நாட்டுல 1,763 ஜோடிங்க இருந்த ஆய்வு அது, சென்னையும் ஒரு சென்டர், மேடம் டீம் அதுல இருந்துச்சு. இதுக்கு நடுவுல எச்.ஐ.வி. இருக்க பையனுக்கும் பொண்ணுக்கும் ஜாதகம் பாக்குற மாதிரி சி.டி.4 கவுண்ட் (எதிர்ப்பு சக்தி எவ்ளோ இருக்குன்னு காட்டுற ரத்த அணு கணக்கு) பாத்து வரன் தேடிக் குடுத்திருக்காங்க. புரொபசரம்மா கல்யாணத் தரகர்! 2015 ஜூலைல போய்ட்டாங்க, பத்மஸ்ரீ 2017ல வந்துச்சு. நம்ம ஊர்ல விருது எப்பவும் அடுத்த பஸ்லதான் வரும்.

"கைடு நல்லா இருந்தா யார் வேணா பண்ணலாம், எங்களுக்கு எங்க மேடம் அந்த மாதிரி"ன்னு நீங்க கமெண்ட் போடப் போறீங்கன்னு தெரியும். ஒத்துக்குறேன். வார்டு, லேப், அட்டெண்டன்ஸ், இன்ஸ்பெக்ஷன்னு ஓடுற வாத்தியாருங்களுக்கு யோசிக்க நேரம் எங்க இருக்கு. ஆனா சுனிதி மேடமும் அரசு மெடிக்கல் காலேஜ் வாத்தியார்தான், லேப்ல ஒரு எலைசா ரீடர் கூட இல்லாத வாத்தியார்.

அஞ்சு வாய்ஸ் நோட்டும் கேட்டுட்டு அந்தப் பொண்ணு ஒரே ஒரு கேள்வி அனுப்பினா. "அக்கா, 200ம் நெகட்டிவா வந்திருந்தா?" தீசிஸ் பாஸ் ஆயிருக்கும்டி, நிர்மலா எதிர்பாத்ததே அதத்தானேன்னு சொன்னேன். ரெண்டு நாள் சத்தமே இல்ல. நேத்து மெசேஜ் வருது, அவங்க டயாலிசிஸ் யூனிட்ல சேரும்போது ஹெப்படைட்டிஸ் சி நெகட்டிவா இருந்தவங்கள்ல எத்தன பேரு ஆறு மாசம் கழிச்சும் நெகட்டிவா இருக்காங்கன்னு யாராவது பாத்திருக்காங்களான்னு. எனக்குத் தெரியாது, உங்க கைடு என்ன சொன்னாருன்னு கேட்டேன். இன்னும் கேக்கலயாம், பயமா இருக்காம், திங்கக்கிழமை கேக்குறேன்னிருக்கா.